கடைசல்

கடைசல் என்பது மரக்கட்டையைச் சுழலவிட்டு உளியால் உருட்டி வடிவமைக்கும் தொழிலையும், அவ்வாறு உருவான பொருளையும் குறிக்கும் பெயர்ச்சொல். அதன் வேர் ‘கடை’ என்னும் வினையடி. மலையாளத்தின் ‘கடயுக’, கன்னடத்தின் ‘கடெ’ ஆகியன அதன் இனச்சொற்கள். எருமைத் தயிருக்குப் பெயர்பெற்ற மட்டக்களப்பு வாவிக் கரையூர்களில் தயிரைக் கடைவதற்கும் கட்டிற்காலைக் கடைவதற்கும் ஒரே வினை வழங்குவதன் காரணம் கயிற்றில் இருக்கிறது. மத்தில் சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுக்க அது முன்னும் பின்னுமாகச் சுழல்வதைப் போலவே, பழைய கைக்கடைசலில் இரு முனைகளுக்கிடையே பொருத்திய கட்டையில் கயிற்றையோ வாரையோ சுற்றி உதவியாளர் இழுக்க, கட்டை தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டும் கடைசற்காரர் உளியை அழுத்தி, எதிர்ச்சுழற்சியில் சற்றே விலக்குவார். விட்டுப் பிடிக்கும் இந்தத் தாளம் கையில் படிவதே தொழிலின் அருமை. கண்ணகி வழிபாடு வேரூன்றிய இப்பகுதிக்கு நெருக்கமான சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், மலையை மத்தாகவும் பாம்பைக் கயிறாகவும் கொண்டு கடலைக் கலக்கிய கதையில் வருவதும் இதே பொறிமுறைதான்.

புறத்தை உருட்டுவது கடைதல், அகத்தைத் தோண்டி வெறுமையாக்குவது குடைதல். ஆகவே கூத்து மத்தளத்தின் உடல் குடையப்படுவது. சுழலும் பொருளின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அரக்கு இளகிப் படியும் முறையும் இலங்கையில் உண்டு. ஆனந்த குமாரசுவாமி இடைக்காலச் சிங்களக் கலை குறித்து 1908இல் வெளியிட்ட நூலில் அரக்கு வேலைக்கு இடமளித்துள்ளார். உலர்வலயக் காடுகளில் வளரும் முதிரையும் கருங்காலியும், நெருங்கிய இழையுடையன ஆதலால், கடைசலில் வழவழப்பான முகம் கொடுப்பவை.