வரையறை (ஆன்டாலஜி)

ஒரு துறையின் பொருள்களையும் அவற்றிடையே உள்ள உறவுகளையும் கணினி கையாளும்படி அடுக்கிய கலைச்சொல் தொகுப்பு ஆன்டாலஜி. அதிலுள்ள சொல் எதைக் குறிக்கும், எதைக் குறிக்காது என்று எல்லை கட்டுவதே வரையறை.

அரிஸ்டாட்டில் வகுத்த முறைதான் இன்றும் பெரிதும் கைக்கொள்ளப்படுகிறது: மேல்வகையைச் சொல்லி, பிற உள்வகைகளிலிருந்து பிரித்துக் காட்டும் பண்பைச் சேர்ப்பது. உட்கரு என்பது சவ்வு சூழ்ந்த, குரோமோசோம்களைக் கொண்ட செல் நுண்ணுறுப்பு. ‘செல்லின் மிக முக்கியமான பகுதி’ என்று எழுதினால் அது வரையறை அன்று, பாராட்டு.

பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகியவற்றின் தரவுத்தளங்கள் சேர்ந்து 1998-இல் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி வரையறையின் தேவையை நன்கு காட்டியது. ‘அரும்பு தோன்றுதல்’ ஈஸ்ட் ஆய்வாளருக்குச் செல் பெருக்கம், தாவரவியலாருக்குப் பூ, பாலூட்டிகளை ஆராய்பவருக்குப் பல். மூன்றையும் ஒரே பெயரில் விட்டால் தேடுபவருக்குக் கதம்பமே கிடைக்கும்.

வரையறுக்கப்படும் சொல்லையே வரையறைக்குள் நுழைப்பது அடிக்கடி நேரும் பிழை. நியாய நூலார் சுட்டிய அவ்வியாப்தி (அடங்க வேண்டியதை விட்டுவிடுவது), அதிவியாப்தி (அடங்கக் கூடாததைச் சேர்த்துக்கொள்வது) என்னும் குற்றங்களுக்கும் பஞ்சமில்லை. ‘பறக்கும் முதுகெலும்பி’ என்று பறவையை வரையறுத்தால் நெருப்புக்கோழி வெளியே போகும், வௌவால் உள்ளே வரும். மேல்வகையின் பண்புகள் உள்வகைகளுக்கும் இறங்குவதால், மேலே ஒரு சொல்லைத் திருத்தினால் கீழே உள்ள அனைத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.