அடுத்த நடை

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு ஹெலிகாப்டர் என்றாலே, இந்தோசீனப் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்த டாக்டரும் விமானியுமான வலேரி ஆந்த்ரே அம்மையார்தான் நினைவுக்கு வருவார். 1987இல் மதுரையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு கதை.

அக்டோபர் 11 நள்ளிரவு. புலிகளின் தலைமையைப் பிடிக்கத் திட்டம். பலாலியிலிருந்து நமது மி-8 ஹெலிகாப்டர்கள் பல்கலைக்கழக மைதானத்தில் சுமார் 100 கமாண்டோக்களையும், சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரையும் இறக்கின. புலிகளோ ஒயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். குண்டடி பட்ட ஹெலிகாப்டர்களை விமானிகள் பலாலிக்கே ஓட்டி வந்து சேர்த்தார்கள். லேசான காரியமா அது? ஆனால் அடுத்த நடை போக வழியில்லை. இதில் விமானிகளைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. கோளாறு திட்டத்தில்.

அந்த 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களை மீட்க டாங்கிகள் ரயில் தண்டவாளத்தின் மேலேயே போயின. சாலையெல்லாம் கண்ணிவெடி.