வாலையும் குளிர்நீரும்

வாலை வைத்து வடிக்குந் தொழில் மிகப் பழையது. பானையைக் கொதிக்க வைத்தல் எளிது. எழும் ஆவியைத் தப்பவிடாது குளிர்வித்துத் துளியாக்குவதே அரிது. குளிர்ச்சி குன்றினால் சரக்கு காற்றோடு போம். சாராய ஆவியாயின் அடுப்புத் தீயைப் பற்றி ஆளையும் எரிக்கும்.

13-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய வைத்தியர் தத்தேயோ அல்தெரோத்தி, நீரிற் குளிரும் பாம்புச் சுருள் குழாயைப் பற்றி எழுதினார். ஆனால், தேங்கிய தொட்டிநீர் விரைவிற் சூடேறிவிடும்.

1771-இல் ஜெர்மானியர் வைகல் குழாய்க்கு வெளியே மற்றொரு குழாயை உறையாக அமைத்தார். ஆவி மேலிருந்து இறங்க, குளிர்நீர் கீழே புகுந்து மேலே வழிந்தது. இதனால் உறை என்றும் நிரம்பியிருக்கும்; வெளியேறும் தறுவாயிலுள்ள ஆவி மிகக் குளிர்ந்த நீரின் பக்கம் வந்து சேரும். நீரை மேலிருந்து விட்டாலோ, உறை நிரம்பாமலே ஓடிப்போகும்.

இக்கருவியைப் பரவச் செய்தவர் லீபிக். அவர் இதனைத் தமதென்று கூறினாரில்லை. கெட்லிங் என்பவருடையதென்றே எண்ணினார். எனினும், ஆய்வுச்சாலைகளில் இன்றும் லீபிக்கின் பெயரே வழங்குகிறது. பரப்பியவரைப் போற்றுவோம்; கண்டவரை மறப்பது நீதியாமோ? இக்கருவியைக் கையிலெடுக்கும் நம் மாணவர் வைகலின் பெயரையும் அறிவாராக.