மஞ்சள் கேசட் பாக்கி

தொண்ணூறுகளில் பழங்காநத்தத்தில் வீடியோ கேம் என்றால், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கடை, ஒரு டி.வி., ஒரு மஞ்சள் கேசட். லேபிளில் '99999 இன் 1' என்று இருக்கும். திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டு கேம்தான் (கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கே போயிருக்கலாம்!). மெஷினும் 1983-ல் நிண்டெண்டோ ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் காப்பி.

எங்கள் உயிர், கொனாமி கம்பெனி 1984-ல் செய்த 'ரோடு ஃபைட்டர்'. சிவப்புக் கார், 400 கிலோமீட்டர் வேகம். கார் வெடித்தால் பெட்ரோல் குறையும். பல வண்ணக் கார் ஒன்று வரும், அதைத் தொட்டால் ஏறும். வெடிக்காமல் ரொம்ப தூரம் போனால் ஓரமாக சூப்பர்மேன் மாதிரி ஒருத்தர் பறப்பார். அவர் பெயர் கொனாமிமேன் என்று எனக்குத் தெரிந்ததே நாற்பது வயதில்.

அதே கொனாமியின் 1987 'கான்ட்ரா', 2024-ல் புது அவதாரம் எடுத்துவிட்டது. ரோடு ஃபைட்டர் பெயரில் பின்னால் வந்ததெல்லாம் முப்பரிமாண கார் ரேஸ். மேலிருந்து பார்க்கிற நம்ம பழைய ரோடு இல்லை.

பி.காம். மூளைக்குத் தெரிகிற காரணம் இது: கான்ட்ரா கேசட் அமெரிக்காவில் பில் போட்டு விற்றது. ரோடு ஃபைட்டர் கேசட் அங்கே வெளிவரவே இல்லை. விழுந்து விழுந்து ஆடிய நாம் வாங்கியதோ திருட்டு கேசட். கொனாமியின் பேரேட்டில் பழங்காநத்தம் என்றொரு வரவே கிடையாது. பிறகு யாரை நம்பிச் செய்வார்கள்?

செய்தால் இந்த முறை காசு கொடுத்தே வாங்குவேன். பழைய பாக்கி இருக்கிறது.