ஸ்ரெரொயிட்டுகளும் உளமருத்துவமும்

புரொஜெஸ்தரோன் முதலிய ஸ்ரெரொயிட்டுகள் எலிகளை மயக்கத்தில் ஆழ்த்துவதை ஹான்ஸ் செலியே 1941இல் மொன்றியல் நகரில் கண்டறிந்தார். கருப்பைக்கு உரியதெனக் கொள்ளப்பட்ட ஓமோன் மூளையை ஆள்வதெவ்வாறு என்ற வினா நாற்பதாண்டுகள் விடையின்றிக் கிடந்தது. இடைக்காலத்தில் அதனாற் பயன்பெற்றோர் மயக்கமருந்து வல்லுநரே. அவர்கள் கையாண்ட அல்பாக்சலோன் என்னும் செயற்கை ஸ்ரெரொயிட்டு, நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா ஏற்பியின் செயலை மிகுவிப்பதாக 1984இல் காட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே அம்மருந்து சந்தையினின்று மீளப்பெறப்பட்டது முரணே. ஒவ்வாமைக்குக் காரணமெனப் பெரிதும் கருதப்பட்டதோ அதனைக் கரைத்த ஆமணக்கெண்ணெய் வழிப்பொருள்.

புரொஜெஸ்தரோனிலிருந்து உடலிலேயே உருவாகும் அலோபிரெக்னனலோன் கருக்காலத்திற் பெருகி, மகப்பேற்றுடன் சடுதியாக வீழ்கின்றது. தாயின் மனச்சோர்வுக்கு இவ்வீழ்ச்சியே காரணமென முற்றாக நிறுவப்படவில்லை. ஆயினும் அதன் செயற்கைத் தயாரிப்பான பிரெக்சனலோன் 2019இல் ஐக்கிய அமெரிக்காவில் அச்சோர்வுக்கு அனுமதி பெற்றது. 60 மணித்தியாலம் நாளத்தினூடாக ஏற்றவேண்டிய மருந்து எத்தனை தாய்மாரை எட்டியிருக்கும்? 2023இல் அனுமதிபெற்ற சுரனலோன் 14 நாள் விழுங்கும் குளிகை. பொதுவான மனச்சோர்வுக்கு அதற்கு ஐக்கிய அமெரிக்காவில் அவ்வாண்டில் அனுமதி கிட்டவில்லை.