குளம் சட்டை உரித்த கதை

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் என் நண்பர் ஒருவருக்குத் தோட்டம் இருக்கிறது. மாமரம், தென்னை, கிணறு, இவற்றோடு ஒரு நீச்சல் குளமும் உண்டு. "நீச்சல் குளமா? அதுவும் திண்டிவனத்துப் பக்கத்திலா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். கோடை வந்தால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கும் சீமையில் இது என்ன ஆடம்பரம்?

நண்பர் சிரித்தார். "இது குளமில்லை, சார். அப்பா காலத்துத் தண்ணீர்த் தொட்டி. 1957-ல் கட்டினது. நான் அதற்கு ஒரு சட்டை போட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

சட்டை என்று அவர் சொன்னது நீல நிறமான வினைல் விரிப்பை. முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், ஐந்தடி ஆழமுள்ள அந்தத் தொட்டியில் வெடிப்பு விட்டுத் தண்ணீர் நிற்காமற் போயிற்றாம். பேரன் பேத்திகள் நீந்தட்டும் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உள்ளே விரிப்பைப் பொருத்தினார். இந்தப் பங்குனியில் அது விறைத்து, நீர்மட்டத்தின் ஓரமெல்லாம் வெளுத்து, ஒரு மூலையில் கிழிந்தும் போயிற்று. "குளம் சட்டை உரிக்கிறது; வேடிக்கை பார்க்க வாருங்கள்" என்று அழைத்தார். நான் போனேன்.

அன்றைக்கு நான் பார்த்தது வேடிக்கை மட்டுமல்ல. இரண்டு இளைஞர்கள் விரிப்பைக் கத்தியால் நீள நீளமாகக் கிழித்துச் சுருட்டினார்கள். அடியிலே, அங்கங்கே வெடிப்போடு, சந்தன நிறத்தில் பழைய சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த கிழக் கொத்தனார், செருப்பைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கினார். கரணையின் பிடியால் சுவரை அங்குமிங்கும் தட்டிப் பார்த்தார். பெரும்பாலும் 'டங்' என்றது. இரண்டு மூன்று இடத்தில் மட்டும் 'பொத்' என்றது. "பொத்தென்ற இடம் செத்த இடம். மற்றது உசுரோட இருக்குது சாமி" என்றார். தொட்டி கட்டின காலத்தில் அவர் பன்னிரண்டு வயதுப் பையன்; அந்தச் சுண்ணாம்பைச் சுமந்தவர்களில் ஒருவர்.

ஊற வைத்த சுண்ணாம்பை மணலோடும் செங்கல் தூளோடும் சேர்த்து, மாடு கட்டிய செக்கில் அரைப்பார்களாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அதில் விடுவார்களாம். பூசிய பிறகு கட்டையால் நாட்கணக்கில் தட்டி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்களாம். வெறும் சுண்ணாம்பு தண்ணீருக்குள் இறுகாது. சுட்ட மண்ணின் தூள் சேர்ந்தால்தான் இறுகும். ரோமாபுரிக்காரர்கள் எரிமலைச் சாம்பலைச் சேர்த்துச் செய்ததை நம்மவர்கள் செங்கல் தூளால் செய்தார்கள். சுண்ணாம்புக்கு இன்னொரு குணம் உண்டு. மயிரிழை போன்ற வெடிப்பு விட்டால், தண்ணீரில் கரைந்து போய் அந்த வெடிப்பிலேயே மறுபடி படிந்து, தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். பெரிய வெடிப்பாகிவிட்டால் அதனாலும் முடியாது.

தண்ணீரை நிறுத்தி வைக்கும் கவலை மனிதனுக்கு நேற்று வந்ததல்ல. 1925-26-ல் மொகஞ்சதாரோவில் தோண்டியெடுத்தார்களே ஒரு பெரிய ஸ்நானக் குளம், அதன் சுவருக்குள் ஓர் அங்குலக் கனத்துக்குத் தார் போன்ற நிலக்கீலை ஒழுங்காகப் பூசி வைத்திருந்தார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய சட்டை அது! நம் ஏரிகளுக்கோ களிமண்தான் சட்டை. வருஷா வருஷம் வெள்ளத்தோடு வரும் மெல்லிய வண்டல் அடியில் படிந்து துவாரங்களை அடைக்கும். குடிமராமத்துச் செய்த பழைய குடியானவர்களுக்கு எதை வெட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும். இன்று இயந்திரத்தை இறக்கிக் கண்டபடி ஆழமாகத் தோண்டிவிட்டு, "தண்ணீர் நிற்கவில்லையே" என்று கரையில் நின்று கையைப் பிசைகிறவர்களும் உண்டு.

மறுநாள் காலையில் நண்பரை இழுத்துக்கொண்டு செஞ்சிக்குப் போனேன். விழுப்புரத்திலிருந்து வருகிறவர்கள் வழியில் மண்டகப்பட்டைக் கடந்து வருவார்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் இக்கோயிலை ஆக்கினேன் என்று ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் கல்லிலே எழுதி வைத்துப் பெருமைப்பட்ட இடம் அது. கோயிலுக்கு அது சரி. ஆனால் பாறைச் சுனையைத் தவிர வேறு எந்த நீர்நிலையைக் கட்டுகிறவனும் சுண்ணாம்பு வேண்டாம் என்று வீரம் பேச முடியாது.

செஞ்சிக் கோட்டைக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் ராஜகிரியை அண்ணாந்து பார்க்கிறார்கள். எண்ணூறு அடி உயரம்; பார்க்கத்தான் வேண்டும். நான் அன்று கீழேயே பார்த்துக்கொண்டு நடந்தேன். யானைகள் குளித்த குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம், கல்யாண மகால். கல்யாண மகாலுக்கு ஐந்நூறு மீட்டர் தூரத்து நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாயில் தண்ணீர் வந்ததாம். மலைமேல் மழைநீரைத் தேக்கும் தொட்டிகளும் உண்டு, வற்றாத சுனையும் உண்டு.

இந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் ஒரு ராஜ்யம் உயிர் பிழைத்தது. 1677-ல் சிவாஜி இக்கோட்டையைப் பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் 1689-ல் ஔரங்கசீப்பின் படைகளுக்குத் தப்பி இங்கே வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே சுல்பிகர்கான் பின்னால் வந்து முற்றுகையிட்டான். 1698 வரையில் அது இழுத்தது. கோட்டை விழுவதற்குள் ராஜாராம் வேலூருக்குத் தப்பிவிட்டார். எட்டு வருஷம் தாக்குப்பிடித்ததற்குக் குளங்களே காரணம் என்று எழுத எனக்கு ஆசைதான். கதாசிரியனுக்கு அந்தச் சபலம் உண்டு. ஆனால் சரித்திரம் ஒப்பவில்லை. சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள். சுல்பிகர்கான் வேண்டுமென்றே மெதுவாகப் போரிட்டான், உள்ளே இருந்தவர்களோடு அவனுக்கு ரகசிய உறவு இருந்தது என்றும் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். எதிரி ஒப்பந்தம் பேசும் வரையில் உள்ளே இருக்கிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டாமா?

அதே தண்ணீர் பிறகு வந்தவர்களைக் காப்பாற்றவில்லை. 1714-ல் தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு போரிட்டு மாண்டான். அவன் சிதையும், உடன்கட்டை ஏறிய இளம் மனைவியின் சிதையும் குளக்கரையில்தான் எரிந்தன என்று இன்றும் ஊரார் இடத்தைக் காட்டுகிறார்கள். 1750-ல் புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தான். 1761-ல் ஆங்கிலேயரிடம் சரணடையும் வரையில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே இருந்தார்கள். ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் காவல் இருந்ததில்லை. ஆனாலும் அந்தப் பத்து வருஷத்தில் 1,200 பேர் மாண்டதாக ஆர்ம் என்ற ஆங்கிலச் சரித்திரக்காரர் வழியாக ஒரு கணக்கு வழங்குகிறது. கொன்றது பீரங்கி அல்ல, ஊர்க் காய்ச்சல். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள சம்பந்தத்தை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடிப்பதற்கு அப்போது ஒன்றரை நூற்றாண்டு பாக்கி இருந்தது. தேங்கிய தண்ணீர் மேல் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

2025-ல் யுனெஸ்கோ, மராட்டியரின் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சிதான். அதைச் சொன்னபோது நண்பர் செட்டிக்குளத்தின் படியில் உட்கார்ந்துகொண்டு, "அப்படியானால் என் தொட்டியையும் சுண்ணாம்பாலேயே செப்பனிடட்டுமா?" என்று கேட்டார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அப்பாவின் கைவேலையைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு, அதை மறுபடியும் மூட அவருக்கு மனம் வரவில்லை.

திரும்பியதும் கொத்தனாரிடம் கேட்டார். கிழவர் வெகுநேரம் பேசவில்லை. செக்கு இல்லை, அரைக்க ஆள் இல்லை, கட்டை பிடித்துத் தட்டுகிறவர்கள் செத்துப்போனார்கள். தேடிப் பிடித்துச் செய்தாலும் இரண்டு மாதம் ஆகும். பேரக் குழந்தைகளோ சித்திரையில் வருகிறார்கள். கடைசியில், "மேலே சட்டையே போடுங்க சாமி. அடியிலே செத்த இடத்தை மட்டும் நான் சுண்ணாம்பு வச்சு மூடித் தரேன்" என்றார். விரிப்புக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த இளைஞர்கள் சிமெண்டை நீட்டினார்கள். கிழவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடுக்காய்க்கு யாரோ நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினார்கள்.

புதுச் சட்டையும் சாமான்யமானதல்ல. 1872-ல் பவுமன் என்ற ஜெர்மானியர் எதேச்சையாகக் கண்ட விறைத்த பொருளை, 1926-ல் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியின் வால்டோ செமன் எண்ணெய்ப் பதமான திரவத்தில் காய்ச்சி வளையச் செய்தார். அந்தத் திரவம் வெயிலிலும் குளோரினிலும் மெல்ல மெல்ல வெளியேறுவதுதான் விரிப்பின் முதுமை. அதே குட்ரிச்சின் ஒத்துழைப்போடு நம் மேட்டூரில் 1967-ல் இப்பொருளைச் செய்யத் தொடங்கினார்கள். விரிப்பைத் தொட்டியின் அளவைவிடச் சற்றுச் சிறிதாகவே தைக்கிறார்கள். வெயிலில் இளகி நீண்டு படிய வேண்டுமல்லவா? நாலு பக்கமும் விளிம்பைக் காடியில் மாட்டி, பின்னாலுள்ள காற்றை இயந்திரத்தால் உறிஞ்சினார்கள். சுருக்கமெல்லாம் ஓடிப்போய், விரிப்பு சுவரோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொஞ்சம் நின்று விரிப்பு நன்றாகப் படிந்த பிறகுதான் குழாய்வாய்க்கு ஓட்டை போடலாம். முந்தினால் இழுத்துக்கொண்டு கிழிந்துவிடும்.

அறுபதினாயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். மோட்டார் மின்சாரம் வந்த நேரமெல்லாம் ஓடியது. நாலாம் நாள் தொட்டி நிறைந்தது. பழைய தண்ணீரைக் குளோரின் அடங்கும்படி ஒரு வாரம் வெயிலில் விட்டுத் தென்னைக்குப் பாய்ச்சியிருந்தார்கள்.

உரித்த பழைய சட்டையைக் கொத்தனார் கேட்டு வாங்கிக்கொண்டார். வைக்கோல் போரின்மேல் போடப் போகிறாராம். "இது ஐப்பசி மழைக்கு முன்னாலேயே கிழிஞ்சிடும்" என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, சுருணையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.