மூடிய கண்ணாடிக்குள் காற்று வந்த கதை

மரியா சிபில்லா மேரியன் 1705-இல் வெளியிட்ட சூரினாம் பூச்சிகள் நூலில், கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி ரீங்காரச்சிட்டைப் பிடித்துத் தின்கிற படம் உண்டு. லின்னேயஸ் 1758-இல் அந்தச் சிலந்திக்குப் பெயர் வைத்தபோது இந்தப் படத்தையும் சான்றாகக் கொண்டார். சிலந்தி பறவையைத் தின்னுமா என்று ஐரோப்பா நெடுங்காலம் வாதாடியது. காற்றாடும் அந்தக் கிளையைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் அந்தச் சிலந்தியின் இனமான அவிக்குலேரியாவை வளர்ப்பவன். கரிய உடம்பும் இளஞ்சிவப்புக் கால்நுனியும் கொண்ட இந்த மரவாசிகளின் துயரம் ஒரு நல்ல கண்டுபிடிப்பிலிருந்துதான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிக் குடுவையில் வைத்து மூடினார். மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் முளைத்தன. கரிப்புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் பட்டுப்போய்க்கொண்டிருந்த காலம் அது. குடுவைக்குள் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மண்ணுக்கே திரும்பியது. செடிகள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. வார்டின் பெட்டி பிறகு கப்பலேறிச் சீனத் தேயிலைக் கன்றுகளை இமயமலைக்குக் கொண்டுவந்தது. இன்று செடிகளும் சிலந்திகளும் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியான டெரேரியத்துக்கும் மூதாதை அதுவே.

பெரணிக்கு ஒத்துப்போன பெட்டி சிலந்திக்கு ஒத்துவரவில்லை. மழைக்காட்டு உயிர் என்றால் 80 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்று சொல்லி, வளர்ப்பவர்கள் மூடியை இறுக்கினார்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் ஸ்பாஞ்சை ஊறவிட்டார்கள். நாள் தவறாமல் தெளித்தார்கள். குஞ்சுகள் திடீர் திடீரெனச் செத்தன. ‘திடீர் அவிக் மரணம்’ என்று அதற்கு ஒரு நோய்ப்பெயரே வழங்கியது. அனுபவப்பட்டவர்கள் இன்று குற்றம் சொல்வது தேங்கி நின்ற ஈரக்காற்றை. அப்படிப்பட்ட பெட்டியைத் திறந்தால் முதலில் பூஞ்சை நெடி மூக்கில் ஏறும்; கண்ணாடியெல்லாம் வியர்த்திருக்கும்; சிலந்தி ஈரமண்ணை விட்டு விலகி மூடியின் அடியில் அப்பிக்கொண்டிருக்கும். அதன் வயிற்றடியில் ஏடு ஏடாக அடுக்கிய இரண்டு ஜோடிப் புத்தக நுரையீரல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நல்ல காற்று வேண்டும். மேல்தோலில் மெழுகுப் படலம் இருப்பதால் உடல்நீர் சட்டென்று வற்றாது. தாகத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் போதும்.

பிறகு வந்த மாற்றம் எளிமையானது: பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் கீழே துளைகள், எதிர்ச்சுவரில் மேலே துளைகள். வெதுவெதுப்பான காற்று மேலே வெளியேறும்போது கீழே புதுக்காற்று நுழையும். தேங்காய்நார்த்தூளின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுவோம். அடியில் ஈரம், உச்சியில் உலர்வு. கார்க் பட்டையில் வலைக்குழல் கட்டும் சிலந்தி தனக்கான இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும்.

மரச்சிலந்திக்கு ஓயாத ஈரம் வேண்டாம் என்பதற்கு நம் பக்கத்திலும் சாட்சி உண்டு. நீல நிற மரச்சிலந்தியான போசிலோத்தீரியா மெட்டாலிகாவை விலங்கியலாளர் போகாக் 1899-இல் விவரித்தார். அது கிடைத்தது ஆந்திரத்தின் குத்தி ரயில்வே மரக்கிடங்கில். மரக்கட்டையோடு ரயிலில் வந்திருக்க வேண்டும். நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட இலையுதிர் காட்டில் அது மறுபடி கண்ணில் பட்டது 2001-இல்தான். மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் காடு அது. சிலந்தி இருப்பது அங்குள்ள மரப்பொந்துகளில். அந்தக் காடும் இன்று சுருங்கிவருகிறது. சிலந்தி அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஈரமானி ஒட்டிய மூடிய தொட்டிகளைச் சில கடைகள் விற்கின்றன. முதல் சிலந்தி வாங்க வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஈரமானியை அங்கேயே வைத்துவிட்டு, எதிரெதிர்ச் சுவர்களில் துளையுள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.